செவ்வாய்க்கிழமை எடை

ட்ரான்ஹைம், 9 ஜனவரி 2019

யோஸ்டைன்,

'அன்புள்ள' என்று தொடங்கிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். கோபத்தோடு எழுதும்போது அந்தச் சொல் பொய்யாக நிற்கிறது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விட்டார்கள். வெளியே என்றால் ரொம்ப தூரம் இல்லை; பின்பக்கம் ஒரு மஞ்சள் வீடு இருக்கிறது, அங்கே. சாப்பிடாமல் இளைத்துப்போய் வந்தவர்கள், என்னோடு சேர்த்து நாலு பேர் இருக்கிறோம். மற்ற மூன்று பெண்களும் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள். பெர்கிட் என்று ஒரு நர்ஸ் எங்களைப் பார்த்துக்கொள்கிறாள். ஒவ்வொரு வேளையும் எங்களோடு உட்கார்ந்து அவளும் சாப்பிடுகிறாள். அதிகம் பேசமாட்டாள்.

இருக்க வேண்டிய எடைக்கு வந்துவிட்டேனாம். "இனிமே ஏத்த வேணாம் ரன்வெய்க், இதை இப்படியே வச்சுக்கிட்டா போதும்" என்றார் டாக்டர். பன்னிரண்டு வாரம் வைத்துக் காட்ட வேண்டும். செவ்வாய்தோறும் காலையில் மெஷினுக்கு முதுகைக் காட்டி ஏறி நிற்கிறேன். எண்ணை பெர்கிட் மட்டும் பார்த்து எழுதிக்கொள்கிறாள்.

வச்சுக்கிட்டா போதும் என்பது உனக்கு லேசான காரியமாகத் தெரியும். எடை ஏற்றியபோது எனக்கு உத்தரவு இருந்தது. தட்டு வரும், முடிப்பேன், அழுவேன், மறுபடி தட்டு வரும். பாவம் முழுக்க அவர்கள் தலையில். இப்போது தட்டில் எடுத்துப் போடுவதே நான்தான். உருளைக்கிழங்குப் பாத்திரத்துக்கு முன்னால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று ஒன்றா, இரண்டா என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன். முப்பத்தாறு வயதுப் பெண் சொல்கிற பேச்சா இது என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நீ காரிடாரில் சொன்னதை மறக்க முடியவில்லை. "எடை நின்னாத்தான் வீடு. அதுவரைக்கும் போனும் வேணாம்." கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னாய். பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் அதை உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். வீடியோவில் என்னைப் பார்த்த அன்றெல்லாம் தூவா இரவு அழுகிறாள் என்றாய். சரி, போன் வேண்டாம், எழுதுகிறேன். ஆனால் அவளைப் பற்றி உண்மையை மட்டும் எழுது. எட்டு வயதுப் பெண் அம்மாவைப் பார்த்தால் அழுவது ஒன்றும் உலகத்தில் நடக்காத காரியம் இல்லை.

ரன்வெய்க்


ஸ்டூர்ஹோல்ம், 17 ஜனவரி

ரன்வெய்க்,

உன் கடிதம் வந்தது. எனக்கு எழுத வராது. உனக்கே தெரியும்.

தீவில் ஒரு வாரமாகப் புயல். ஃபெர்ரிப் படகு இரண்டு நாள் ஓடவில்லை, எனக்கும் வேலை இல்லை. அந்த இரண்டு நாளும் தூவாவோடு வீட்டில் இருந்தேன். அவள் நன்றாக இருக்கிறாள்.

உட்கார்ந்து சொல்லியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். உட்கார்ந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அதுதான் எனக்குப் பயம்.

செப்டம்பரை நாம் பேசவே இல்லை. நீ நீச்சல் குளத்து ஓரத்தில் விழுந்தபோது தண்ணீருக்குள் எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். நீ நீச்சல் சொல்லிக்கொடுத்த, உன் பொறுப்பில் இருந்த எட்டுப் பிள்ளைகள். ஈரக்காலோடு ஓடிப்போய்க் காவலாளியை இழுத்து வந்தது நம் பெண். என்னிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அம்மாவோட கண்ணு தெறந்திருந்துச்சு, ஆனா என்னைப் பாக்கல." அன்றிலிருந்து இரவில் எழுந்து அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன். நீ இங்கே இருந்தபோது உன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தெரியாது.

உன்னைத் தண்டிக்கவில்லை. இன்னொரு தடவை அப்படி நடந்தால் எனக்குத் தாங்காது. அவளுக்கும் தாங்காது. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாள். நன்றாக இருக்கிறாள். ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு வாரம் ஓடிவிடும்.

யோஸ்டைன்


ட்ரான்ஹைம், 30 ஜனவரி

யோஸ்டைன்,

நீ எழுந்து என் மூச்சைப் பார்த்தது எனக்குத் தெரியும். தூங்குவது போல் கிடப்பேன். சொல்லாமல் விட்டேன்.

போன வாரம் இந்த வீட்டில் எல்லோருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும். முதலில் பெர்கிட், அப்புறம் அந்தச் சின்னப் பெண்கள், கடைசியில் நான். மூன்று நாள். எல்லாக் குடும்பத்திலும் குளிர்காலத்தில் வருவதுதான், போய்விட்டது. இந்தச் செவ்வாய் மெஷினை விட்டு இறங்கியபோது பெர்கிட் சொன்னாள்: "கொஞ்சம் எறங்கியிருக்கு. வயிறு சரியில்லாததால வந்தது, ஒரு வாரத்துல திருப்பிடலாம்." அவள் குரலில் ஒரு கவலையும் இல்லை.

கவலை எனக்குத்தான். எதற்கு என்று உனக்குச் சொன்னால் பயப்படுவாய், சொல்லாமலிருந்தால் எனக்குள்ளேயே வளரும். அவள் 'எறங்கியிருக்கு' என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சமாக இல்லை. பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. நான் ஒன்றுமே செய்யவில்லை, தானாக இறங்கியது, அதனால் என் மேல் குற்றமும் இல்லை, இதை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று உள்ளே ஒருத்தி பேச ஆரம்பித்தாள். நாலு மாதமாகச் சத்தம் போடாமல் இருந்தவள். செத்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல்கூட இல்லை யோஸ்டைன், ஒரு சாதாரண வயிற்றுவலி. அதற்கே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை மெனுவில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டேன். பெர்கிட் எதிரே இருந்தாள். ஆனால் தட்டில் போடும்போது கை தானாகச் சின்ன உருளைக்கிழங்குகளைத் தேடியது.

இப்போது நீ சொல். உன் கடிதத்தில் 'நன்றாக இருக்கிறாள்' என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். அதோடு 'ஒன்றும் இல்லை' வேறு. நீ ஒரு விஷயத்தை ஒரு தடவைக்கு மேல் சொல்கிற ஆளே இல்லை. தூவாவுக்கு என்ன?

ரன்வெய்க்


ஸ்டூர்ஹோல்ம், 6 பிப்ரவரி

ரன்வெய்க்,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

ஜனவரி இரண்டாவது வாரம் டீச்சர் கூரோ கூப்பிட்டாள். உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னாலேயே. வகுப்பில் ஏதோ நாறுகிறது என்று தேடியிருக்கிறார்கள். ஈர உடுப்பு காயப்போடுகிற அறையில் ஹீட்டருக்குப் பின்னால் தூவாவின் மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்கள். தாள்கூடப் பிரிக்காமல். காலையில் நான் சுற்றிக் கொடுத்தது போலவே. ஏழு.

என்னிடம் தினமும் "சாப்பிட்டேன்பா, நல்லா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். உன்னிடம் அஞ்சு வருஷம் பார்த்தேன்.

இப்போது கூரோ பக்கத்தில் உட்காருகிறாள். அப்படியும் பாதி ரொட்டிதான். இரவில் மீனைத் துண்டு துண்டாக்கித் தட்டு ஓரத்தில் ஒதுக்குகிறாள். கேட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள். இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. ஊசி குத்தி விட்டிருக்கிறேன். தீவு டாக்டரிடம் கூட்டிப் போனேன். வளர்கிற பிள்ளைக்கு எடை இறங்கக் கூடாது, இரண்டு வாரம் பார்ப்போம், அப்புறம் பெரிய ஆஸ்பத்திரி என்றார்.

ஃபெர்ரியில் வேலை செய்யும்போது வண்டிகளை எண்ண வேண்டும். நேற்று மூன்று தடவை எண்ணிக்கை தப்பிவிட்டது.

ஒன்று எழுதப்போகிறேன். அழிக்கலாமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். அழிக்கவில்லை. இது உன்னிடமிருந்து வந்தது ரன்வெய்க். ஒரே சாப்பாட்டு மேஜையில் அஞ்சு வருஷம் உன்னைப் பார்த்து வளர்ந்தாள். வேறு எங்கிருந்து வரும்.

யோஸ்டைன்


ட்ரான்ஹைம், 12 பிப்ரவரி

யோஸ்டைன்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வாசல் படியில் நின்றே படித்தேன். அப்புறம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போனேன், பேசினேன், சிரித்தேன்கூட. யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக நடிக்க வருகிறது எனக்கு. ஏழு பொட்டலத்தை ஹீட்டருக்குப் பின்னால் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நீ கேட்கவே தேவையில்லை.

அழிக்காமல் விட்டாயே, நல்லது. நானும் அழிக்காமல் எழுதுகிறேன்.

சனி, ஞாயிறு, திங்கள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று செவ்வாய். மெஷினில் ஏமாற்றினேன். எப்படி என்று எழுதமாட்டேன். எழுதினால் அது எனக்கே மறுபடி பாடம் ஆகிவிடும். பெர்கிட் எண்ணைப் பார்த்துவிட்டு "நல்லா வச்சிருக்கே" என்றாள். நம்பிவிட்டாள். ஒன்பது வருஷமாக இந்த வேலையில் இருப்பவள், என்னை நம்பினாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. செப்டம்பருக்கு முந்தின வாரம் இப்படித்தான் அடித்தது. எனக்கு அது நினைவிருக்கிறது.

யோஸ்டைன், நான் வீட்டுக்கு வரவில்லை. பன்னிரண்டு வாரமும் வேண்டாம், அதற்கப்புறமும் வேண்டாம். சளி பிடித்தவளைத் தனி அறையில் வைப்பதில்லையா, அது மாதிரி. என் முகம் கண்ணில் படாவிட்டால் அவளுக்கு மறந்துபோகும். குழந்தைகளுக்குச் சீக்கிரம் மறக்கும். நேற்று பையை எடுத்து இரண்டு ஸ்வெட்டரை உள்ளே வைத்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை, அதனால் மறுபடி வெளியே எடுத்து வைத்தேன்.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். பெர்கிட்டுக்குத் தெரியாது.

ர.


ஸ்டூர்ஹோல்ம், 15 பிப்ரவரி, வெள்ளி

ரன்வெய்க்,

உன் கடிதம் இன்று பகல் வந்தது. உடனே போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. மஞ்சள் வீட்டு நம்பருக்கு அடித்தேன். பெர்கிட் எடுத்தாள். நீ நடக்கப் போயிருக்கிறாய் என்றாள். எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன். வைத்துவிட்டு எஞ்சின் அறையில் போய் நின்றேன். சொல்லாமல் விட்டது சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை. உனக்கு இன்று இரவு ஏதாவது ஆனால் நான் கொன்றது மாதிரி.

அதனால் கேள். இந்தக் கடிதத்தை விரைவுப் படகுக்காரன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக்கு உன் கையில் இருக்கும். நாளைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் நீயே பெர்கிட்டிடம் சொல். ஆறு மணிக்கு நான் அங்கே போன் செய்வேன். நீ சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்வேன். அதற்கு நீ என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது தூவா.

போன கடிதத்தில் எழுதினது தப்பு. என் பயத்தை உன் மேல் கொட்டினேன். நேற்று சாயங்காலம் கடைசி ஃபெர்ரியில் அவளைக் கூட வைத்திருந்தேன். கேப்டன் அறையில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கேட்டாள்:

"அப்பா, எவ்ளோ நாள் சாப்பிடாம இருந்தா அனுப்புவாங்க?"

"எங்க அனுப்புவாங்க?"

"அம்மா இருக்கிற எடத்துக்கு."

அவளே மேலும் கேட்டாள். "டாக்டர் ரெண்டு வாரம்னாரு. ரெண்டு வாரம் முடியப் போவுது. அங்க சின்னப் பிள்ளைங்களுக்குக் கட்டில் இருக்கா? இல்லாட்டி அம்மா கூடவே படுத்துக்கலாமா?"

"நீ அதுக்காகவா சாப்பிடல?"

"நீதான் போன் வேணாம்னுட்டே. வேற எப்படிப் போறது?"

ரன்வெய்க், நான் அறைக்கதவைச் சாத்திவிட்டேன், அவள் என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று.

குழந்தைகளுக்குச் சீக்கிரம் மறக்கும் என்று எழுதியிருக்கிறாய். இவளுக்கு மறக்கவில்லை. நீ வரவில்லை என்றால் இவள் அங்கே வந்து சேருவாள். எந்த வழியாக வரப் பார்க்கிறாள் என்று பார்த்துக்கொள்.

ஆறு மணி.

யோஸ்டைன்


ட்ரான்ஹைம், 20 பிப்ரவரி

அன்புள்ள யோஸ்டைன்,

நீ என் போனுக்கு அடித்தபோது "சொல்லிட்டேன்" என்ற ஒரு வார்த்தையோடு வைத்துவிட்டேன், அப்போது எனக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எழுதுகிறேன்.

அஞ்சே முக்காலுக்குத்தான் சொன்னேன். மதியத்திலிருந்து நாலு தடவை சமையலறை வரைக்கும் போய்த் திரும்பினேன். பெர்கிட் கேரட் சீவிக்கொண்டிருந்தாள். "செவ்வாய்க்கிழமை நான் உங்களை ஏமாத்தினேன்" என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. "நெஞ்சு அடிச்சுக்குதா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றேன். ஸ்வெட்டரைக்கூட மாட்ட விடாமல் எதிர்க் கட்டிடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள். இரண்டு இரவு அங்கேயே படுக்க வைத்தார்கள். உப்புச்சத்து இறங்கியிருந்ததாம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

திரும்பி வந்ததும் உண்மையான எடை போட்டார்கள். இறங்கித்தான் இருக்கிறது. தட்டில் இனி கொஞ்ச நாளைக்கு அவர்கள்தான் போடுவார்கள். பன்னிரண்டு வாரம் திரும்ப முதலிலிருந்து. நேற்றைய செவ்வாய்தான் ஆரம்பம். ஈஸ்டருக்கு வர முடியாது. அவள் பிறந்தநாளுக்கும் முடியாது. இதை எழுதும்போது உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதைக் கவனித்தேன்.

தூவா கேட்டதைப் படித்துவிட்டு நான் அழவில்லை. பயந்துபோனேன். நான் செத்தால் அவள் துக்கப்படுவாள் என்பதைத்தான் இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். என் பின்னாலேயே நடந்து வருவாள் என்று நினைத்ததில்லை.

அவளிடம் இதைப் படித்துக் காட்டு: தூவா, இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் வரலாம். அதற்குச் சாப்பிடாமல் இருக்க வேண்டியதில்லை. படகில் ஏறினால் போதும். சாப்பிட்டுவிட்டு ஏறினால் குமட்டாது.

போன் வேண்டாம் என்ற சட்டத்தை எடுத்துவிடலாமா? ஞாயிறு மாலை பத்து நிமிஷம். ஆனால் நாம் இருவரும் எழுதுவதை நிறுத்த வேண்டாம். போனில் இருவருமே பொய் சொல்கிறோம்.

அவள் வந்தால் அவள் எதிரில் நான் சாப்பிட வேண்டியிருக்கும். ஆனாலும் கூட்டி வா.

ரன்வெய்க்


ஸ்டூர்ஹோல்ம், 11 மார்ச்

அன்புள்ள ரன்வெய்க்,

நேற்று நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் வீடு வந்து சேர்ந்தோம். காரில் தூங்கிவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தேன். கனமாகத்தான் இருந்தாள்.

நீ வாசலில் நின்றபோது என்ன பேசுவது என்று தெரியாமல் ரோட்டில் பனி எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்.

வாஃபிள் அப்பம் சாப்பிட்டதை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்திருப்பாய். என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். நீ பழுப்புச் சீஸைச் சீவி வைத்தாய். தூவா தன் தட்டைத் தொடவில்லை. உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் முள்கரண்டி தட்டில் தட்டி டக் டக்கென்று சத்தம். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன்.

"அம்மா, உன் கை ஏன் நடுங்குது?"

"பயமா இருக்கு."

"எதுக்கு? வாஃபிளுக்கா?"

"ஆமா. வாஃபிளுக்குத்தான்."

நீ மழுப்புவாய் என்று நினைத்தேன். அஞ்சு வருஷத்தில் நீ அதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. அவள் உன் தட்டுப் பக்கம் குனிந்து வாஃபிளைப் பார்த்தாள். "அது உன்னைக் கடிக்காதும்மா. நீதான் அதைக் கடிக்கணும்." பெர்கிட் காபியைச் சிந்திவிட்டாள்.

நீ முழுசாகச் சாப்பிட நாற்பது நிமிஷம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். தூவா இரண்டு சாப்பிட்டாள்.

திரும்பும்போது காரில் கேட்டாள்: "அம்மாவுக்குப் பயம் போயிடுமா?" தெரியாது என்றேன். "பயத்தோடயே சாப்பிட்டாங்க இல்ல" என்றாள். ஆமாம் என்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். இன்று அவள் பொட்டலம் பாதி திரும்பி வந்தது. டாக்டர் மாதா மாதம் பார்க்கிறார். ஆனால் இன்று என்னிடம் பொய் சொல்லவில்லை. பாதி மிச்சம் என்று அவளே எடுத்துக் காட்டினாள்.

உன்
யோஸ்டைன்


ட்ரான்ஹைம், 24 ஏப்ரல்

அன்புள்ள யோஸ்டைன்,

சின்னக் கடிதம். நேற்று செவ்வாய், ஒன்பது வாரம் முடிந்தது.

நேற்று எடை ஏறியிருந்தது. 'கொஞ்சம் கூடியிருக்கு' என்றாள் பெர்கிட். ஈஸ்டர் வாரம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டேன், ஆரஞ்சும் சாக்லெட்டும், மற்றவர்கள் மாதிரி. அதற்கு இதுவா கூலி என்று தோன்றியது. இறங்கினால் வருகிற பயம் ஒன்று. ஏறினால் வருகிற பயம் அதைப்போல மூன்று மடங்கு. கத்தினேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷியைப் பார்த்துக் கத்தினேன். "நீங்க வச்சுக்கோன்னீங்க, வச்சுக்கிட்டேன், இப்ப எங்கேயோ போவுது, இது நிக்கவே நிக்காதா?"

"நிக்காது" என்றாள். "யாருக்கும் நிக்காது. எனக்கும் நிக்காது. ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் எறங்கும். இதுக்கும் அதுக்கும் நடுவுல இருந்தா சரின்னுதான் நாங்க பாக்கறோம். உங்கிட்ட ஒத்தக் கோட்டுல நில்லுன்னு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்கினாலும் தோற்றேன், ஏறினாலும் தோற்றேன் என்று.

நேற்று ராத்திரி குறைத்துச் சாப்பிட வேண்டும் என்று உடம்பு முழுக்க அரித்தது. குறைக்கவில்லை. இன்று காலையும் குறைக்கவில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ரன்வெய்க்


ஸ்டூர்ஹோல்ம், 6 ஜூன்

அன்புள்ள யோஸ்டைன்,

இந்த முறை நான் வீட்டில், நீ தூரத்தில். கப்பல் பட்டறையில் உன் ஃபெர்ரியைத் தூக்கி வைத்து அடிப்பாகம் சுரண்டுவதைத் தூவாவிடம் சொன்னேன். அதற்கும் எடை போடுவார்களா என்று கேட்டாள்.

நான் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ இருந்தவரை வீடு கொஞ்சம் பிடிமானமாக இருந்தது. நீ போன மறுநாளே எனக்கு ஒரு கெட்ட நாள் வந்தது. போனில் சொல்லவில்லை; எழுதுகிறேன்.

காலையில் தூவாவுக்கு ரொட்டி வைத்தேன், பால் ஊற்றினேன். எனக்கு வைக்கவில்லை. அவள் கவனிக்கவில்லை, பை தேடுகிற அவசரம். அவள் போனதும் வீடு அமைதியாகிவிட்டது. எதிரே உட்கார பெர்கிட் இல்லை, நீ இல்லை. உள்ளே இருப்பவள் ரொம்ப மரியாதையாகப் பேசினாள், ஒரு வேளைதானே, யாருக்குத் தெரியும் என்று. பத்து மணிவரை ஜன்னலைத் துடைத்தேன். எல்லா ஜன்னலையும். துடைக்கத் துடைக்கக் கை லேசாக ஆனது, அந்தப் பழைய லேசு. அது எவ்வளவு இனிமையாக இருந்தது என்று உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அதில்தான் எனக்கு வியர்த்துவிட்டது.

மஞ்சள் வீட்டுக்குப் போன் போட்டேன். பெர்கிட் லீவில் இருந்தாள். யாரோ புதுப் பையன் எடுத்தான், என்னை அவனுக்குத் தெரியாது. அவனிடமே சொன்னேன், "காலைச் சாப்பாட்டை விட்டுட்டேன், பயமா இருக்கு." அவனுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, பாவம். "இப்ப சாப்பிடறீங்களா? நான் போன்லயே இருக்கேன்" என்றான். போனை மேஜையில் வைத்துவிட்டு ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டேன். அவன் அந்தப் பக்கம் ஏதோ தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முடித்ததும் நன்றி சொன்னேன். பேரைக் கேட்க மறந்துவிட்டேன்.

செவ்வாய் அன்று நம் ஊர் நர்ஸ் எடை பார்த்தாள். நடுவில்தான் இருக்கிறேன். இது எத்தனை வாரத்துக்கு என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தினமும் காலையில் எழுந்ததும் முதலில் வருவது பயம்தான். அதோடுதான் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

தூவா டீச்சரோடு நீந்தப் போயிருந்தாள், இப்போதுதான் வந்தாள். ஈரத்தலையோடு கீழே நின்று, "அம்மா, பசிக்குது, செத்துருவேன் போல இருக்கு" என்று கத்துகிறாள். மீன் உருண்டையைச் சூடு பண்ண வேண்டும், உருளைக்கிழங்கு ஏற்கெனவே வெந்துவிட்டது, வெண்ணெய் வாசனை மேலே வரைக்கும் வருகிறது.

யோஸ்டைன், எனக்கும் பசிக்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் பசிக்கிறது. கீழே போகிறேன்.

ரன்வெய்க்